சேதம் என்று குறித்த சுரப்பிகள்

யார்மிலாவின் கையைப் பற்றி அந்த ஆய்வகத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பழ ஈயின் கூட்டுப்புழு ஒரு அரிசியில் பாதி நீளம்தான் இருக்கும். அதை ஒரு சொட்டு உப்புநீரில் போட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் இரண்டு ஊசிகளால் பிரித்து, உள்ளே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கீறல் இல்லாமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரே காம்பில் தொங்கும் இரண்டு வெள்ளரிப் பிஞ்சுகள் போல அவை மிதந்து வரும். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் செய்கிற வேலையை யார்மிலா ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, அடுத்த புழுவுக்குக் கை நீட்டியிருப்பாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பிராடிஸ்லாவாவில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே குன்றின்மீது இருந்த அந்த ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்த்து வந்தாள். டாக்டர் பட்டம் இருந்தது. பெயர் சொல்லும்படி ஒரு கண்டுபிடிப்பும் இல்லை. பேராசிரியர் வென்டெலின் விரபெல் வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் விருந்தில் முட்டைக்கோஸ் சூப்பை வைத்துக்கொண்டு, "நம்ம யார்மிலா கை மாதிரி இந்த நாட்டுலயே கிடையாது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருடத்தை ஓட்டிவிடுவாள்.

எதிதா வந்தது ஒரு செப்டம்பரில். கிழக்கே ஹுமெனே ஊர்க்காரி, இருபத்தொன்பது வயது, பேச்சில் அந்தப் பக்கத்து இழுவை மாறவில்லை. அதுவரை தட்டில் வளர்த்த மனித செல்களோடு வேலை பார்த்தவள். ஈ அவளுக்குப் புதிது. முதல் மாதத்தில் அவள் கை பட்ட சுரப்பி ஒன்றுகூட முழுசாக வரவில்லை. யார்மிலாதான் சொல்லிக்கொடுத்தாள். பொறுமையாகவும் சொல்லிக்கொடுத்தாள். தன்னைவிடக் கை வராத ஒருத்தியிடம் பொறுமையாக இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

நவம்பரில் ஒரு மத்தியானம், கழுவுவதற்காக யார்மிலா ஒதுக்கி வைத்திருந்த தட்டிலிருந்து சுரப்பி ஒட்டியிருந்த ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து எதிதா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இதை ஏன் கழுவுறதுல போட்டீங்க?"

"சேதமானது அது. செல் உடைஞ்சு, நாம பச்சை ஒளி ஏத்தி வெச்ச புரதமெல்லாம் நடுக் குழாய்க்குள்ள கொட்டியிருக்கு, பாருங்க. பச்சைப் பச்சையா மின்னுதே."

எதிதா கண்ணை எடுக்கவில்லை. "உடைஞ்சா எல்லாப் பக்கமும்தானே உடையணும்? வெளி ஓரம் அப்படியே இருக்கு. உட்கருவும் நல்லா இருக்கு. குழாயைப் பார்த்த பக்கம் மட்டும்தான் பிய்ஞ்சிருக்கு."

"ஊசி பட்டிருக்கும்."

"உள்பக்கத்துல ஊசி எப்படிப் படும்?"

பதினோரு வருடமாக யார்மிலா அப்படிப்பட்ட சுரப்பிகளைப் பார்த்திருக்கிறாள். பார்த்தவுடன் குறிப்பேட்டில் நேரத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'சேதம்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள். இந்தக் கேள்வி ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

"மூணு மாசமா இங்க இருக்கீங்க" என்றாள். "இன்னும் ஒரு சுரப்பியை முழுசா எடுக்க வரல. முதல்ல அதைப் பாருங்க."

எதிதாவுக்குக் காது வரை சிவந்தது. பிறகு சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான் டாக்டரம்மா. உங்க பழைய நோட்டையெல்லாம் கொஞ்சம் தர்றீங்களா? படிச்சாவது கத்துக்கறேன்."

கொடுத்தாள். மறுக்க என்ன காரணம் சொல்வது?

ஒன்பது நாள் கழித்து, பேராசிரியர் அறையில் யார்மிலா ஏதோ கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது எதிதா ஒரு தாளோடு உள்ளே வந்தாள். பதினோரு வருடக் குறிப்பேடுகளிலிருந்து பெருக்கல் குறிகளை மட்டும் பொறுக்கி எடுத்து மணி வாரியாக அடுக்கியிருந்தாள். முந்நூற்றுச் சொச்சம் குறிகள். புழு அசைவை நிறுத்திக் கூடாகிற நிமிடத்தைப் பூஜ்யமாக வைத்தால், அத்தனை குறிகளும் எட்டாவது மணிக்கும் பத்தாவது மணிக்கும் நடுவில் விழுந்திருந்தன. ஐந்தாவது மணியில் ஒன்றில்லை. ஏழில் ஒன்றில்லை.

"சார், கை தவறுறதா இருந்தா நேரம் பார்த்தா தவறும்?" என்றாள் எதிதா. "டாக்டரம்மா கையில எதுவுமே உடையல. சுரப்பி தானாவே பிய்ச்சுக் குடுத்திருக்கு."

பேராசிரியர் தாளைக் கீழே வைக்கவில்லை. வழக்கமாக ஒரு செல் தன் புரதத்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, சுவர் வழியாக ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். அந்தச் சுரப்பி அதைத்தான் செய்யும், கூட்டைச் சுவரில் ஒட்டும் பசையை அப்படித்தான் தள்ளும், அதோடு அதன் வேலை முடிந்து சாவுக்குக் காத்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இன்னொரு வகை உண்டு; பாடப்புத்தகத்தில் அக்குள் வியர்வையைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு வரியில் வரும். அபோகிரைன் என்று பெயர். அதில் செல் தன் தலைப்பகுதியையே கிள்ளி, உள்ளே இருப்பது எதுவானாலும் அப்படியே குழாயில் போட்டுவிடும். போட்டுவிட்டு உயிரோடும் இருக்கும். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, நுண்ணோக்கியில் பார்க்கத் தயார்செய்யும்போது செல் கெட்டுப்போய் அப்படித் தெரிகிறதா என்று பலருக்குச் சந்தேகம்.

"பொண்ணே" என்றார் பேராசிரியர், "இதை நீ எப்படிப் பார்த்தே?"

நீ. பதினான்கு வருடத்தில் யார்மிலாவை அவர் ஒருதடவைகூட நீ என்று சொன்னதில்லை. அந்த ஊரில் பெரியவர்தான் அந்த உரிமையைக் கொடுக்க வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் சாராயம் ஊற்றி, கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்தில் அதுவும் நடந்தது. "இனிமே நான் உனக்கு வென்டெலின்" என்று எதிதாவோடு கிண்ணத்தை இடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, "யார்மிலா, நீங்க சூப் இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றார். அந்த வருடம் கையைப் பற்றிய வாக்கியத்தைச் சொல்ல மறந்துவிட்டார்.

டிராலி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யார்மிலாவுக்கு நெஞ்சு எரிந்தது. எதிதா திருடியிருந்தால் கத்தியிருக்கலாம். அவள் திருடவில்லை. போகிற இடமெல்லாம் 'டாக்டரம்மா நோட்டுலதான் இருந்தது' என்றுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அவள் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கேட்பவர்கள் யார்மிலாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருடம் கையில் வைத்துக்கொண்டிருந்தும் தெரியாமல் போனவள் இவள்தானா என்று அந்தப் பார்வை கேட்பதாக அவளுக்குத் தோன்றியது. எதிதாவின் சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் கோட்டை நாற்காலியில் எறிகிற விதம் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்த கசகசா ரொட்டியை யார்மிலா வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, வழியில் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

ஜனவரியில் வேலை பிரிக்கப்பட்டது. ஏப்ரலில் பிர்னோ நகரத்தில் ஒரு கூட்டம். அதில் எதிதா இதைப் பற்றிப் பேச வேண்டும். "நீங்க கூடு பொறுக்கி நேரம் போட்டு வைங்க, சுரப்பியையும் எடுத்துக் குடுங்க. மத்ததை எதிதா பார்த்துக்குவா" என்றார் பேராசிரியர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் யார்மிலா கேட்டது இதுதான்: நீங்க கை, அவ கண்ணு.

காலை ஆறு மணிக்கு வந்து, அப்போதுதான் அசைவு நின்று வெள்ளையாக இருக்கும் கூடுகளை ஈரத் தூரிகையால் பொறுக்கி ஒரு குப்பியில் போட்டு, மேலே நேரத்தை எழுதுவாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவற்றின் வயது ஒன்பது மணி நேரம். எதிதா அதற்காகக் காத்திருப்பாள்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பொறுக்கியதை யார்மிலா அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். எட்டு மணிக்கு மறுபடியும் பொறுக்கி, அந்தக் குப்பியின் மேல் ஆறு என்று எழுதினாள். எழுதியதை முன்வரிசையில் வைத்தாள்.

மூன்று மணிக்கு எதிதா பார்த்தாள். ஏழு மணி நேரக் கூட்டின் சுரப்பி. குழாய் இருட்டாகக் கிடந்தது. புரதம் எல்லாம் செல்லுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் வரலையே."

"சில நாள் அப்படித்தான்" என்றாள் யார்மிலா.

மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஒருநாள் மட்டும் செய்ய நினைத்தது ஆறு வாரம் ஓடியது. எதிதா முதலில் விளக்கை மாற்றினாள், பிறகு உப்புநீரை மாற்றினாள், பிறகு ஈ வகையையே மாற்றினாள். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வருவதை விட்டாள். அவள் கண்ணுக்கு அடியில் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்து யார்மிலாவுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவும். பின்னாலேயே, நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று நினைப்பாள். ஆனால் காலையில் எட்டு மணி ஆனதும் கை தானாகத் தூரிகையை எடுக்கும்.

ஈக்களுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சும் கிஸெலா ஒருநாள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அறுபதை நெருங்கியவள், யாரிடமும் வாயை அடக்கிப் பழக்கமில்லை.

"என்ன டாக்டரம்மா, இப்பல்லாம் ரெண்டு தடவை பொறுக்குறீங்க? ஈயெல்லாம் ஓவர்டைம் பார்க்குதா?"

"முதல்ல பொறுக்கினது சரியில்ல."

"ஆறு வாரமாவா சரியில்ல?" கிஸெலா சிரிக்கவில்லை. கஞ்சி பொங்கவே ஓடிவிட்டாள்.

மார்ச் மூன்றாம் வாரம் பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டார். எதிதா ஆறு வாரப் படங்களைப் பரப்பினாள். எல்லாமே இருட்டுக் குழாய்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிர்னோவுல பேச வேண்டாம்னு எழுதிடலாம்" என்றார். "கவனமா செய்யும்போது வரலைன்னா, வந்ததெல்லாம் சேதம்தான். பழைய நோட்டை நம்பினது என் தப்பு. அந்த முந்நூறும் கை பிசகினதுதான்."

யார்மிலாவுக்கு முதலில் புரியவில்லை. எதிதாவின் தோல்வியைத்தான் அவள் ஆறு வாரமாக நிமிடம் நிமிடமாகச் சேர்த்திருந்தாள். அது எதிதா தலையில் விழாமல் தன் கைமேல் விழும் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. சுரப்பி தானாகப் பிய்த்துக் கொடுக்கவில்லை என்றால், பதினோரு வருடமாக உடைத்துக்கொண்டிருந்தது இவள்.

பேராசிரியர் அவள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "வருத்தப்படாதீங்க யார்மிலா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"இல்ல" என்றாள் எதிதா. குரல் உடைந்திருந்தது. "டாக்டரம்மா கை உடைக்காது. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன், வென்டெலின். ஆயிரம் எடுத்தா ஆயிரமும் முழுசா வரும். தப்பு என்கிட்டதான் எங்கேயோ இருக்கு. எங்கேன்னு தெரியல. என் வேலையைக் குறை சொல்லு, அவங்க கையைச் சொல்லாதே."

யார்மிலா எழுந்து வெளியே போனாள். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தனக்காக ஒருவர் சண்டை போட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தாள். யாரும் போட்டதாக நினைவில்லை. போட்டவளையும் அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. அந்த நல்ல குணத்தின்மீதே பொறாமையாக இருந்தது. ஆனால் இதற்குமேல் அந்த அறைக்குள் பேசாமல் உட்கார முடியாது என்று தெரிந்தது.

எதிதா ஈ அறையில் தனியாக, குப்பிகளைக் குப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதைப் போடாதீங்க" என்றாள் யார்மிலா. "நேரம் தப்பு. நான்தான் மாத்தி எழுதினேன். ஒன்பதுன்னு உங்களுக்குக் குடுத்தது எல்லாமே ஏழு."

எதிதா குனிந்தபடியே நின்றாள். "என்னிக்கு?"

"எல்லா நாளும்."

"ஆறு வாரமுமா?"

"ஆமா."

"ஏன்?"

யார்மிலா பல காரணங்களை யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது ஒன்றுதான். "எரிச்சல். நான் பார்த்ததை நீங்க பார்த்துட்டீங்கன்னு."

எதிதா கையிலிருந்த குப்பியைச் சுவரில் எறிந்தாள். கஞ்சியும் கண்ணாடியும் தெறித்தன. நாலைந்து ஈக்கள் விளக்கைச் சுற்றின.

"ஊருக்குத் திரும்பிப் போயிடறேன்னு போன வாரம் அம்மாகிட்ட அழுதேன்" என்றாள். "தெரியுமா உங்களுக்கு? எனக்குக் கண்ணே சரியில்லைன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட போய்க் கண்ணைக் காட்டினேன்! அவர் காசு வாங்கிட்டு நல்லா இருக்குன்னு அனுப்பிட்டார். நீங்க பக்கத்துல உட்கார்ந்து 'சில நாள் அப்படித்தான்'னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"மன்னிப்பு கேக்கல" என்றாள் யார்மிலா. "கேக்க முகம் இல்ல."

"கேட்டாலும் கிடைக்காது. போய் அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். பேராசிரியர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாகத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பதினாலு வருஷத்துல உங்க ஒரு எண்ணைக்கூட நான் சரிபார்த்தது கிடையாது" என்றார். "இனி எல்லாத்தையும் சரிபார்க்கணும். பழசையும்." அந்த வேலை ஒரு வருடம் பிடித்தது. பழையதில் ஒன்றும் தப்பாக இல்லை. இருந்தாலும் வேறு ஒருவர் தன் குறிப்பேடுகளை விரல் வைத்துப் படிப்பதை யார்மிலா தினமும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆறு வாரப் படங்களை வைத்துக்கொள்ளலாமே, ஏழாவது மணியில் ஒன்றுமில்லை என்பதற்கு அதுவே சாட்சிதானே என்று பேராசிரியர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "பொய் எழுதின குப்பியை வெச்சு உண்மை பேச மாட்டேன்" என்று எதிதா அத்தனையையும் அழித்தாள்.

பிர்னோவுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. இந்தத் தடவை கூடுகளைப் பொறுக்கியது எதிதா. குப்பிகளில் நேரத்துக்குப் பதிலாக எழுத்து எழுதி, எந்த எழுத்து எந்த மணி என்ற தாளைச் சமையலறையில் பூட்டி வைத்தவள் கிஸெலா. "பெரிய ரெண்டு டாக்டருங்களுக்கு நடுவுல கஞ்சி காய்ச்சுறவ நீதிபதி" என்று சாவியைக் கவுனுக்குள் போட்டுக்கொண்டாள். சுரப்பி எடுத்தது மட்டும் யார்மிலா. அதற்கு வேறு ஆள் இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறு பேசாமல் பதினேழு நாள் வேலை பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு சுரப்பியை உயிரோடு நுண்ணோக்கியில் வைத்திருந்தபோது அது தொடங்கியது. குழாயைப் பார்த்த ஓரத்தில் ஒரு செல் மெல்லப் பிதுங்கியது. குமிழ் பெரிதாகி, கழுத்து இறுகி, பிரிந்து, பச்சையாக மின்னிக்கொண்டு குழாய்க்குள் போனது. அடுத்த செல். அதற்கடுத்தது. குழாய் முழுக்கப் பச்சை ஆயிற்று. தலையைக் கொடுத்த செல்கள் சாகவில்லை. நாலு மணி நேரம் கழித்தும் புதிதாகப் புரதம் செய்துகொண்டிருந்தன.

"உங்களுக்குத் தெரியுதா?" என்றாள் எதிதா, தன்னை மறந்து.

"தெரியுது" என்றாள் யார்மிலா. முந்நூறு தடவை பார்த்ததை அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயும் ஒரு முள் இருந்தது: இதைத் தனியாகப் பார்த்திருக்கலாம், பதினோரு வருடம் முன்னால், பக்கத்தில் யாரும் இல்லாமல்.

கிஸெலா தாளைக் கொண்டுவந்து எழுத்துக்களை உரக்க வாசித்தாள். பச்சையான குழாய் எல்லாம் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில். ஒன்றுகூடத் தவறவில்லை.

பிர்னோவில் எதிதா பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு வயதானவர் எழுந்தார். "நாற்பது வருஷமா சுரப்பி பார்க்கிறவன் நான். கை கொஞ்சம் அழுத்தினாலே செல் இப்படித்தான் பிதுங்கும். எடுத்தது யாரு?"

எதிதா ஒரு நொடி தயங்கினாள். பிறகு கடைசி வரிசையைக் காட்டினாள். "அவங்ககிட்டயே கேளுங்க."

யார்மிலா எழுந்து நின்றாள். "நான்தான் எடுத்தேன். நீங்க சொல்றதைத்தான் பதினோரு வருஷம் நானும் நோட்டுல எழுதினேன். அழுத்தினா வெளிப்பக்கம் கிழியும், உட்கரு நசுங்கும். ரெண்டும் நடக்கல. கூடாகி எட்டு மணி நேரம் ஆகறதுக்கு முன்னாடி எவ்வளவு அழுத்தினாலும் இது வராது. அழுத்திப் பார்த்தாச்சு. சந்தேகம்னா நாளைக்கே எங்க ஊருக்கு வாங்க, உங்க முன்னாடி எடுக்கறேன்."

கிழவர் அவள் கையைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். இடைவேளையில் கூட்டம் எதிதாவைச் சுற்றி நின்றது. யார்மிலா காபிக் கோப்பையோடு தூணோரம் நின்று அதைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. அதை மறைக்க இப்போது அவள் மெனக்கெடவில்லை.

கட்டுரை வெளிவந்தபோது எதிதாவின் பெயர் முதலிலும் யார்மிலாவின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தது. அந்த இரண்டாவது இடம் யார்மிலாவுக்கு வேண்டாமென்று எதிதா சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மன்னித்ததாகவும் ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்கு ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் சொந்தமாக ஒரு ஆய்வகம் கிடைத்தது. வழியனுப்பும் விருந்தில் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

போன மார்ச்சில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. கொசுவின் சுரப்பியில் இதே மாதிரி நடக்கிறதா என்று பார்க்கிறார்களாம். முழுசாக எடுக்க ஒருவருக்கும் வரவில்லையாம். 'உங்களைத் தவிர யாரையும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வாரம் வர முடியுமா?' என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் கீழே, பெயருக்கு அடியில், 'குழுத் தலைவர்' என்று இருந்தது. யார்மிலா முதலில் அதைத்தான் பார்த்தாள்; அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகப் போறீங்களா டாக்டரம்மா?" என்றாள் கிஸெலா, தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு.

"கொசு சுரப்பி ரொம்பச் சின்னது. மூணு மடல் வேற."

"அதைக் கேக்கல. போறீங்களான்னு கேட்டேன்."

"அவளைப் பார்த்தா எனக்கு இன்னும் எரியும் கிஸெலா."

"எரியட்டும். ஸ்வீடன்ல குளிரு ஜாஸ்தி."

யார்மிலா இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், எந்த அளவு ஊசி வாங்கி வைக்க வேண்டும், கொசுவை எத்தனை நாள் பட்டினி போட வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினாள். கடைசி வரியில் வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டு, பேராசிரியரிடம் விடுப்பு கேட்கப் படியேறினாள்.